எந்த ஹோம்ஸைப் பார்ப்பது? முதலில் வொட்சனைப் பாருங்கள்

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஏ/எல் எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் என் பழைய மாணவன் ஒருவன், “சேர், ஷெர்லொக் ஹோம்ஸ் பாக்கப்போறன். கனக்கக் கிடக்கு, எதில தொடங்கிறது?” என்று கேட்டான். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் அக்காவுக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் அம்மாவோடு இருந்து பார்க்க ஒரு தொடர் வேண்டும். இடையில் அவசரமாக எழுந்து சனலை மாற்ற வேண்டிய காட்சி ஒன்றும் வரக்கூடாது. மூன்றாவது ஆள் என் நண்பன். பிபிசியின் ‘ஷெர்லொக்’ தொடரை இரண்டு தரம் பார்த்து முடித்துவிட்டான். இப்போது வேறு எந்த ஹோம்ஸைத் தொட்டாலும் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியவில்லையாம்.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருக்காவது அது பிழையாகப் போகும். ஆர்தர் கொனன் டொயிலின் கதைகளில் வரும் இந்த லண்டன் துப்பறிவாளரின் வேடம் போட்டவர்கள் அவ்வளவு பேர். 2012இல் கின்னஸ் கணக்கெடுத்தபோது சினிமாவிலும் ரீவியிலுமாக 254 தடவை அவர் தோன்றியிருந்தார். இலக்கியத்தில் பிறந்த மனிதப் பாத்திரங்களில் அதுவே சாதனை. அதில் இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்கத் தக்கவை என்று எனக்குப் படுகிற ஏழு பேரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹோம்ஸ் எனக்குத் திரையில் அறிமுகமானவர் அல்ல. தொண்ணூறுகளின் தொடக்கம், யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ரேடியோ கேட்பதென்றால் சைக்கிளை நிறுத்தி வைத்து டைனமோவைச் சுற்றினோம். இரவுகளில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், மாமா வைத்திருந்த அட்டை கழன்ற ஆங்கிலப் புத்தகத்தை, பக்கத்தில் அகராதியோடு வாசித்தேன். 1891இல் வந்த முதலாவது சிறுகதையின் தொடக்கத்திலேயே திருகோணமலை என்ற பெயர் வருகிறது. அட்கின்சன் சகோதரர்களுக்கு அங்கே நேர்ந்த விசித்திரமான துயரத்தை ஹோம்ஸ் துலக்கி வைத்தார் என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அந்தக் கதையை ஆர்தர் கொனன் டொயில் எழுதவே இல்லை. ஆனால் எங்கள் தீவின் பெயரைக் கண்ட அந்த இரவு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இருந்தும் மனதில் ஒட்டிக்கொண்டவர் ஹோம்ஸ் அல்ல, அவரோடு கூட இருந்து கதையைச் சொல்லும் வொட்சன்தான். 1880இல் ஆப்கானிஸ்தானின் மைவந்தில் சூடுபட்டு, பிறகு காய்ச்சலிலும் கிடந்து, உடம்பு தேய்ந்து லண்டனுக்குத் திரும்பும் இராணுவ வைத்தியர். சொந்தம் என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை, கையில் காசும் குறைவு. நரம்பு தளர்ந்து, நேரங்கெட்ட நேரத்தில் எழும்புகிறவர். அப்படிப்பட்டவர்கள் எங்கள் ஒழுங்கையிலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த மனிதருக்கு இருக்க ஓர் இடமும் ஒரு கூட்டாளியும் கிடைத்த கதையாகத்தான் நான் அதை வாசித்தேன். ஆகவே எந்த நடிகர் நல்ல ஹோம்ஸ் என்று கேட்டால், அவர் தன் வொட்சனை எப்படி நடத்துகிறார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது அளவுகோல் வொட்சன்தான். மொத்தம் 60 கதைகளில் நான்கைத் தவிர மற்றவை எல்லாம் வொட்சன் சொல்வதாகவே எழுதப்பட்டவை. அவருடைய கண்ணால்தான் நாம் ஹோம்ஸைப் பார்க்கிறோம். வொட்சன் மந்தமானவராக இருந்தால், அவருக்கு முன்னால் ஹோம்ஸ் காட்டும் கெட்டித்தனத்துக்கு என்ன பெறுமதி?

இரண்டாவது, மூலக்கதைக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பது. 1887 முதல் 1927 வரை டொயில் எழுதிய நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளும் இருக்கின்றன. கதையை மாற்றுவது குற்றமில்லை. மாற்றியதால் கதைக்கு ஏதாவது சேர்ந்ததா என்பதே கேள்வி.

மூன்றாவது மொழி. எங்களில் பலர் சப்டைட்டிலோடுதான் பார்க்கிறோம். வசனம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, காதில் தெளிவாக விழுகிறதா என்பது சின்ன விஷயமல்ல. நான்காவது, நேரமும் டேட்டாவும். இணையத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் சாதாரணத் தரத்தில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, எச்டி என்றால் 3 ஜிபி வரை போகும். ஐந்தாவது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது.

| ஹோம்ஸ் | வொட்சன் | ஆண்டு | எத்தனை | மொத்தம் (ஏறக்குறைய) |
|---|---|---|---|---|
| பசில் ராத்போன் | நைஜல் புரூஸ் | 1939–46 | 14 படங்கள் | 16 மணித்தியாலம் |
| வசீலி லிவானொவ் | வித்தாலி சொலொமின் | 1979–86 | 11 பகுதிகள் | 12–13 மணித்தியாலம் |
| ஜெரமி பிரெட் | டேவிட் பேர்க், பிறகு எட்வர்ட் ஹார்ட்விக் | 1984–94 | 41 பகுதிகள் | 38 மணித்தியாலம் |
| ரொபர்ட் டௌனி ஜூனியர் | ஜூட் லோ | 2009, 2011 | 2 படங்கள் | நாலேகால் மணித்தியாலம் |
| பெனடிக்ட் கம்பர்பாட்ச் | மார்ட்டின் ஃப்ரீமன் | 2010–17 | 13 பகுதிகள் | 19 மணித்தியாலம் |
| ஜொனி லீ மில்லர் | லூசி லியூ | 2012–19 | 154 பகுதிகள் | 108 மணித்தியாலம் |
| இயன் மெக்கெலன் | மறைந்துவிட்டார் | 2015 | 1 படம் | ஒன்றேமுக்கால் மணித்தியாலம் |

## பெனடிக்ட் கம்பர்பாட்ச்: இன்றைய லண்டன்

இன்றைய பிள்ளைகள் பெரும்பாலும் ஹோம்ஸைச் சந்திப்பது இவர் வழியாகத்தான். பிபிசியின் ‘ஷெர்லொக்’ தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மொஃபாட்டும் மார்க் கேட்டிஸும் கதையைத் தூக்கி 2010இன் லண்டனில் வைத்தார்கள். பழைய கதை தெரிந்தவர்களுக்கு முதற் பகுதி ஒரு விருந்து. ‘தி சைன் ஒஃப் ஃபோர்’ நாவலில் வொட்சனின் சட்டைப்பைக் கடிகாரத்தை வாங்கிப் பார்த்து, குடித்துக் கெட்டுப்போன அண்ணனின் வாழ்க்கையையே ஹோம்ஸ் சொல்லிவிடுவார். சாவி கொடுக்கும் ஓட்டையைச் சுற்றி இருக்கும் கீறல்கள்தான் அதற்குத் தடயம். இங்கே கடிகாரம் மொபைல் போனாகிறது, கீறல்கள் சார்ஜ் போடும் இடத்துக்கு வருகின்றன. ஆனால் அண்ணன் என்று நினைத்தது அக்கா என்று முடிகிறது. அதே மாதிரி, முதல் நாவலில் சுவரில் இருக்கும் ‘ராஹ’ (RACHE) என்ற சொல்லைப் பொலிஸ்காரர் ரேச்சல் என்ற பெண்ணின் பெயர் என்பார், ஹோம்ஸ் அது பழிவாங்கலைக் குறிக்கும் ஜெர்மன் சொல் என்று திருத்துவார். இந்தத் தொடரில் அது அப்படியே தலைகீழாகிறது. மூலத்தை நேசிக்கிறவர்கள் மட்டுமே இப்படி விளையாட முடியும்.

வொட்சனும் நல்ல வொட்சன். 1880இன் ஆப்கானிஸ்தான் போர் 2010இலும் ஆப்கானிஸ்தான் போராகவே இருக்க முடிந்தது என்பது மனித குலத்துக்கு வெட்கம், கதைக்கு மட்டும் வசதி. மார்ட்டின் ஃப்ரீமனின் வொட்சன் கைத்தடி ஊன்றி நொண்டுகிறார், அந்த நொண்டலோ காலில் இல்லை, மனதில் இருக்கிறது. ஒரு துரத்தலின் நடுவில் தடியை மறந்துவிட்டு ஓடுகிற இடத்தில் நான் அழுதேன். போர் முடிந்த ஊர்க்காரருக்கு அந்தக் காட்சி வேறு மாதிரித்தான் படும்.

மறைந்திருக்கும் செலவுகளும் இருக்கின்றன. ஹோம்ஸ் அடுக்கிக்கொண்டு போகும் ஊகங்கள் துப்பாக்கி வேகத்தில் வருகின்றன, ஆங்கிலம் பழகத் தொடங்கும் ஒருவருக்கு சப்டைட்டிலை வாசிக்கவே நேரம் போதாது. திரையிலேயே எழுத்துகள் மிதந்து வரும், சின்னப் போனில் அவை கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது வரிசையின் (சீசனின்) முதற் பகுதியில் ஐரீன் அட்லர் என்ற பெண் அறிமுகமாகும் இடம் பெரியவர்களோடு பார்க்கக் கூடியதல்ல. அதே பகுதியில் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. 1891இன் கதையில் அவள் ஹோம்ஸை வென்று, தலை நிமிர்ந்து போய்விடுவாள். 2012இன் தொடர் கடைசி வெற்றியை ஹோம்ஸிடம் பிடுங்கிக் கொடுத்துவிட்டது. நூற்றியிருபது வருடம் கழித்து ஒரு பெண்ணுக்குக் கிடைத்ததை இப்படிக் குறைக்கலாமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, இந்த ஹோம்ஸ் ஆட்களை அவமதிப்பதை ஒரு கெட்டித்தனமாகக் காட்டுவது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். டொயிலின் ஹோம்ஸும் கர்வக்காரன்தான், ஆனால் பயந்து நடுங்கிக்கொண்டு வரும் ஒரு பெண்ணைக் கண்டால் நெருப்புக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டு, சூடாகக் கோப்பி கொண்டுவரச் சொல்லுவார்.

இது யாருக்குப் பொருந்தும்? வேகமான ஆங்கிலம் காதுக்குப் பழகிய இளம் ஆட்களுக்கு. முதல் இரண்டு வரிசைகளின் ஆறு பகுதிகள் போதும், ஒன்பது மணித்தியாலம். அதற்குப் பிறகு தொடர் வழக்குகளை விட்டுவிட்டுத் தன் நாயகனையே வியந்துகொண்டு நிற்கிறது.

## ஜெரமி பிரெட்: கதைப் புத்தகம் எழுந்து நடந்தது போல

லண்டனில் இருந்து வந்த மச்சான் ஒருவர் ஒருமுறை டிவிடிப் பெட்டி ஒன்று கொண்டுவந்து தந்தார். முதற் பகுதி ஓடத் தொடங்கி ஐந்து நிமிடத்தில், ஜாம் போத்தல் விளக்கில் நான் கண்ட மனிதர் இவர்தான் என்று தெரிந்துவிட்டது.

அது தற்செயலல்ல. கிரனாடா தொலைக்காட்சி 1984இல் இதைத் தொடங்கியபோது, ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் தெருவையே மான்செஸ்டரில் கட்டி எழுப்பியது. ஹோம்ஸின் பழக்கவழக்கம், சாப்பாடு, கைவாகு எல்லாவற்றையும் கதைகளில் இருந்து பொறுக்கி எடுத்து ஒரு கோப்பாகத் தயாரித்தார்கள், பிரெட் அதைக் கையோடு வைத்திருந்தார். கதைகள் வந்த காலத்தில் சிட்னி பேஜட் வரைந்த படங்களைப் பார்த்துக் காட்சிகளை அமைத்தார்கள். 60 கதைகளில் 40க்கு மேல் இந்தத் தொடரில் வந்திருக்கின்றன. வேறு எந்த ஆங்கிலத் தொடரையும் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இப்படிப் பார்க்க முடியாது.

வொட்சன்கள் இரண்டு பேர். முதல் 13 பகுதிகளில் டேவிட் பேர்க்: துடிப்பானவர், ஹோம்ஸ் சொல்வதை ரசிப்பவர், தேவைப்பட்டால் கோபிப்பவர். குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று அவர் விலகிக்கொண்டார். அவருக்குப் பதில் வந்த எட்வர்ட் ஹார்ட்விக் ஆறுதலானவர், வயதும் துக்கமும் பட்ட முகம். கதையில் ஹோம்ஸ் ரைகன்பாக் அருவியில் விழுந்துவிட்டார் என்று நம்பி வொட்சன் மூன்று வருடம் வாழ்கிறார். அந்த இடைவெளியில்தான் நடிகரும் மாறுகிறார். மூன்று வருடத் துக்கம் ஒரு மனிதரை இப்படித்தான் மாற்றியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும்.

‘தி சிக்ஸ் நெப்போலியன்ஸ்’ என்ற பகுதியைக் கட்டாயம் பாருங்கள். கடைசியில் பொலிஸ் அதிகாரி லெஸ்ட்ரேட், எங்களுக்கு உங்கள்மேல் பொறாமை இல்லை, உங்களை நினைத்துப் பெருமைதான் படுகிறோம் என்கிறார். ஹோம்ஸ் ஒன்றும் பெரிதாகச் சொல்வதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த முகத்தில் ஒரு கணம் வந்து போவதை வசனமாக எழுத முடியாது. வாழ்நாள் முழுக்கக் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்த ஒருவனுக்கு, அன்பாக ஒரு வார்த்தை கேட்கப் பழக்கமில்லை என்பது அதில் தெரியும். டொயில் இரண்டு வரியில் எழுதியதை பிரெட் கண்ணாலேயே சொல்லிவிட்டார்.

சரி, செலவுகள். தொடரின் நடை ஆறுதலானது. கம்பர்பாட்ச்சைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் இரண்டு பகுதிகள் பொறுமையைச் சோதிக்கும். ஹோம்ஸ் போட்டுக்கொள்ளும் போதை ஊசி முதற் பகுதியிலேயே பேச்சில் வருகிறது. சின்னப் பிள்ளைகளும் தொடரைப் பார்க்கிறார்கள் என்று அறிந்த பிரெட், டொயிலின் மகளிடம் சம்மதம் வாங்கி, 1988இல் வந்த ‘தி டெவில்ஸ் ஃபுட்’ பகுதியில் ஹோம்ஸ் அந்த ஊசியைக் கடற்கரை மணலில் புதைப்பதாகச் செய்தார். வேறு எந்த ஹோம்ஸும் செய்யாத காரியம் இது.

கடைசிக் காலப் பகுதிகள் வேறு ஒரு பாரம். பிரெட்டுக்கு மனநோய் இருந்தது, மனம் ஒரு காலம் உச்சத்துக்கும் ஒரு காலம் பாதாளத்துக்கும் போகிற நோய். 1985இல் மனைவி புற்றுநோயில் இறந்தார். மருந்துகளாலும் இருதய நோயாலும் உடம்பு ஊதி, மூச்சு வாங்க வாங்க அவர் நடித்ததைத் திரையில் பார்க்கலாம். 1995 செப்டெம்பரில், 61 வயதில் காலமானார். ‘தி த்ரீ கரிடெப்ஸ்’ கதையில் வொட்சனுக்குச் சூடு படும்போது, ஹோம்ஸின் இறுகிய முகம் ஒரேயொரு முறை உடைகிறது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல் என்று துடிக்கிறார். அந்த ஒரு நன்றிக்காக இத்தனை வருடப் பணிவிடையும் தகும் என்கிற மாதிரி வொட்சன் அதை எழுதுகிறார். 1994இல் கிரனாடா அந்தக் கதையை இன்னொரு கதையோடு சேர்த்து எடுத்தபோது பிரெட் சுகமில்லாமல் இருந்தார், ஹோம்ஸின் வேலைகள் அண்ணன் மைக்ரொஃப்டுக்குப் போயின. அந்தக் காட்சிக்கென்றே பிறந்த நடிகருக்கு அது வாய்க்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மூலக்கதைக்கு நெருக்கமாக நின்றால் அதன் காலனித்துவக் கண்ணும் கூடவே வரும். ‘தி சைன் ஒஃப் ஃபோர்’இல் அந்தமான் தீவுக்காரர் ஒருவரை டொயில் மனிதராகவே எழுதவில்லை, 1987இல் எடுத்த பகுதியிலும் அந்தக் குறை முழுதாக நீங்கவில்லை. பிள்ளைகளோடு பார்த்தால் அதைப் பற்றிப் பேசுங்கள். ‘தி ஸ்பெக்கிள்ட் பாண்ட்’ கதையில் விசில் சத்தத்துக்குத் திரும்பி வந்து பால் குடிக்கும் இந்தியப் பாம்பு ஒன்று வரும். நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைக்கிற எங்கள் அம்மம்மாமாருக்கே தெரியும், பாம்பைப் பழக்கி வேலைக்கு அனுப்ப முடியாது என்று.

இது யாருக்கு? வாசிக்கிறவர்களுக்கு, ஆங்கிலத்தை ஒழுங்காகப் பழக விரும்புகிறவர்களுக்கு, பெரியவர்களோடு பார்ப்பவர்களுக்கு. 38 மணித்தியாலமும் தேவையில்லை. 1984 முதல் 1988 வரை வந்தவற்றைப் பாருங்கள். 1993இல் வந்த இரண்டு நெடும்பகுதிகளும் மூலத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டன, அவற்றைத் தவிர்க்கலாம்.

## பசில் ராத்போன்: கறுப்பு வெள்ளைக் காலம்

குரலுக்காகப் பார்க்க வேண்டியவர் இவர். ஒவ்வொரு சொல்லும் மணி அடித்த மாதிரி விழும், சப்டைட்டில் இல்லாமலே பின்தொடரலாம். பெரும்பாலான படங்கள் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். வீட்டில் எல்லோரும் இருக்கப் போடலாம்.

1939இல் வந்த முதல் இரண்டு படங்கள் மட்டும்தான் பழைய லண்டனில் நடக்கின்றன. 1942 முதல் வேறு நிறுவனம் பொறுப்பெடுத்து, ஹோம்ஸை இரண்டாம் உலகப் போருக்குள் கொண்டுவந்து நாஜிகளோடு மோதவிட்டது. பேக்கர் தெரு மூடுபனியை எதிர்பார்த்து இருப்பவருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இவற்றில் என் பெரிய முறைப்பாடு நைஜல் புரூஸின் வொட்சன். நல்ல மனிதர், பார்க்கப் பிரியம் வரும், ஆனால் எதையும் விளங்காமல் முழிக்கிற கிழவராக ஆக்கிவிட்டார்கள். போர்க்களத்தில் ஆட்களின் உயிரைக் காப்பாற்றிய வைத்தியர் அல்லவா அவர்! உலகம் முழுக்க வொட்சன் என்றால் மந்தமானவர் என்ற எண்ணம் பரவ இந்தப் படங்களே பெரிய காரணம். நாற்பது வருடம் கழித்து அதைத் திருத்தியவர் டேவிட் பேர்க்.

## ஜொனி லீ மில்லர்: போதையில் இருந்து மீண்டவர்

‘எலிமென்டரி’ நியூயோர்க்கில் நடக்கிறது. ஹோம்ஸ் போதைப் பழக்கத்தில் இருந்து மீண்டு வந்தவர். அவர் மறுபடி விழாமல் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர் ஜோன் வொட்சன், முன்னாள் சத்திரசிகிச்சை நிபுணரான ஒரு பெண். அவரை லூசி லியூ நடிக்கிறார் என்றதும் நான் முகம் சுளித்தேன், அது என் பிழை. வொட்சன் மெல்ல மெல்லத் தானே துப்பறிய நிமிர்ந்து நிற்கும் ஒரே தொடர் இது. இருவருக்கும் இடையில் காதலைப் புகுத்தாமல் ஏழு வருடம் மரியாதையாகக் கொண்டுபோனார்கள்.

இன்று எங்கள் ஊரில் போதை எத்தனை வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் ஒவ்வொரு நாளாகத் தன்னைத் தூக்கி நிறுத்துவதை, இரக்கப்படாமலும் பழிக்காமலும் இந்தத் தொடர் காட்டுகிறது. அதற்காகவே இதை மதிக்கிறேன்.

மூலக்கதைகளை இதில் தேடாதீர்கள், பெயர்களும் சில முடிச்சுகளும் தவிர எல்லாம் புதிது. செலவு நேரம்தான். 154 பகுதிகள், 108 மணித்தியாலம், டேட்டாவில் 100 ஜிபிக்கு மேல். இரவு வேலை முடிந்து வந்து ஒன்று பார்த்துவிட்டுப் படுக்கிறவருக்கு நல்ல துணை. முதல் வரிசை 24 பகுதிகளோடு நிறுத்தினாலும் குறை தெரியாது.

## ரொபர்ட் டௌனி ஜூனியர், வசீலி லிவானொவ்

டௌனியின் இரண்டு படங்களும் சண்டைப் படங்கள். பார்த்து மகிழலாம். ஆனால் கண்ணை மூடி யோசிக்கிற ஹோம்ஸ் வேண்டுமென்றால் இங்கே கிடைக்கமாட்டார். ஜூட் லோவின் வொட்சன் மட்டும் எதிர்பாராத நன்மை: வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டாளிக்காகச் சண்டைக்கு இறங்கும் மாதிரி ஒரு வொட்சன். அமளியை விரும்பும் பையன்கள் மூன்று நாலு பேர் சேர்ந்த சனிக்கிழமை இரவுக்கு இது போதும்.

சோவியத் காலத்தில் லெனின்கிராட்டில் எடுத்த லிவானொவின் தொடர் ரஷ்ய மொழியில் இருப்பதால், ஆங்கில சப்டைட்டிலை வாசித்தே ஆகவேண்டும். அந்தத் தடையைத் தாண்டினால் அன்பான ஒரு பேக்கர் தெரு கிடைக்கும், லாத்வியாவின் ரீகா நகரத்து ஒழுங்கை ஒன்றில் படமாக்கியது. சொலொமினின் வொட்சன் ஹோம்ஸுக்குச் சமமாக நிற்கிறார். இதைப் பார்த்து பிரிட்டன் 2006இல் லிவானொவுக்குப் பட்டம் கொடுத்தது. மொஸ்கோவில் பிரிட்டிஷ் தூதரகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சிலையில் ஹோம்ஸுக்கும் வொட்சனுக்கும் இருப்பது இந்த இருவரின் முகங்கள்தான். பிரெட்டை முழுதாகப் பார்த்து முடித்தவர் அடுத்ததாக இங்கே வரலாம்.

## இயன் மெக்கெலன்: 93 வயது ஹோம்ஸ்

‘மிஸ்டர் ஹோம்ஸ்’ ஒரே ஒரு படம். டொயிலின் கதையல்ல. 1947இல், கடலோரக் கிராமத்தில் தேனீ வளர்த்துக்கொண்டிருக்கும் 93 வயது ஹோம்ஸுக்கு ஞாபகம் கழன்றுகொண்டு போகிறது. உலகத்தில் எவர் கண்ணுக்கும் படாததைக் கண்டுபிடித்தவர், இப்போது பக்கத்தில் நிற்கிற ஆளின் பெயரைத் தேடுகிறார். வொட்சன் உயிரோடு இல்லை. அந்த இடத்தில் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் மகன், ஒரு சின்னப் பையன், வந்து நிற்கிறான்.

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், பெரிய வீட்டில் தனியே ஒரு தாயோ தகப்பனோ என்று எத்தனை வீடுகள் எங்களிடம் இருக்கின்றன. அப்படி ஒருவரைப் பராமரிக்கிறவர்கள் இதைப் பார்க்கலாம், ஆனால் மனம் களைத்திருக்கும் நாளில் வேண்டாம். துப்புத் துலக்கும் விறுவிறுப்பை எதிர்பார்த்துப் போனாலும் ஏமாறுவீர்கள்.

## அந்த மூவருக்கும் நான் சொன்னது

மாணவனுக்கு: முதலில் கதையை வாசி, பிறகு பிரெட்டின் பகுதியைப் பார். கதைகளின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். ஒரு கதை, ஒரு பகுதி, ஆங்கில சப்டைட்டிலோடு, வாரத்துக்கு இரண்டு. ‘தி ரெட்-ஹெடட் லீக்’ கதையில் தொடங்கச் சொன்னேன். கதையில் இல்லாத ஒருவரைத் தொடரில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள், அது யார், ஏன் என்று கண்டுபிடித்து வா என்று சொல்லியிருக்கிறேன்.

நண்பனுக்கு வேறு வைத்தியம். அவனுக்கு வேகம் பழகிவிட்டது. நேராக பிரெட்டிடம் அனுப்பினால் திரும்ப ஓடி வருவான். ஆகவே அவனுக்குத் தெரிந்த கதையையே கொடுத்தேன்: 2012இன் ஐரீன் அட்லரைப் பார்த்தவன் 1984இன் ஐரீன் அட்லரைப் பார்க்கட்டும். எது மாறியது என்று தேடுகிற ஆவலில் ஐம்பது நிமிடம் ஓடிவிடும். பார்த்துவிட்டு, “அவள் வெல்லுறாளடா” என்று இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்பினான். அடுத்தது ‘தி சிக்ஸ் நெப்போலியன்ஸ்’.

அக்காவுக்கு ‘தி ப்ளூ கார்பங்கிள்’ பகுதியைக் கொடுத்தேன். நத்தார்ப் பண்டிகைக் காலம், ஒரு வாத்து, அதன் தொண்டைக்குள் ஒரு இரத்தினக் கல். கொலையைத் துரத்துகிற கதை அல்ல, கடைசியில் ஹோம்ஸ் ஒருவரை மன்னித்தும் விடுகிறார். தமிழில் வசனம் இல்லையே, அம்மா என்னத்தை விளங்கப் போறா என்று அக்கா தயங்கினார். இருந்தும் போட்டு, பக்கத்தில் இருந்து இடையிடையே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அடுத்த நாள் காலை படலையடியில் கண்டபோது, அம்மா முழுதும் முழித்திருந்து பார்த்தா என்றார். ஹோம்ஸைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லையாம். “அந்த டொக்டர் தம்பி நல்ல பிள்ளை. அவருக்குக் கலியாணம் ஆகிட்டுதோ?” என்றுதான் கேட்டாராம்.

புத்தகத்தில் ஆகும், மேரி மோர்ஸ்டன் என்ற பெண்ணோடு. இந்தத் தொடரில் மட்டும் அவரைக் கலியாணம் கட்ட விடாமல் ஹோம்ஸின் வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். அதை அக்காவிடம் சொல்லி அனுப்பினேன்.